ஆட்சேபணை இல்லை

உலகத்தில் எந்த நாட்டையும் "உன் சிப்பாயை அனுப்பிவை" என்று எவரும் கட்டாயப்படுத்த முடியாது. இதை நான் தெரிந்துகொண்டது சிதம்பரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், மின்விசிறி நின்றுபோயிருந்த வகுப்பறை ஒன்றில். எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். அந்த ஒரு வரி என் வீட்டுக்குள் புகுந்து என்ன செய்யப்போகிறது என்று தெரியாமல் அதை நோட்டில் எழுதி, கீழே ஸ்கேல் வைத்துக் கோடு வேறு போட்டுக்கொண்டேன்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். மனு, பிரமாணப் பத்திரம், விடுதலைப் பத்திரம், வாடகை ஒப்பந்தம் என்று ஊராரின் சண்டையும் சமாதானமும் என் விரல் வழியாகத்தான் காகிதத்துக்குப் போகும். டைப் அடிப்பதோடு என் வேலை முடியாது. கையெழுத்துப் போடுகிறவருக்கு முழுதையும் வாய்விட்டுப் படித்துக்காட்ட வேண்டும். "எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல், முழு மனதுடன்" என்கிற வரி வரும்போது கொஞ்சம் நிறுத்தி ஆளின் முகத்தைப் பார்ப்பேன். வருகிறவர்களுக்கு பஸ் பிடிக்கிற அவசரம். "படிக்கல்லாம் வேணாம்மா, எங்க போடணும், அத சொல்லு" என்பார்கள். நான் பேனாவையே தரமாட்டேன். "கேட்டுட்டுப் போடுங்க. நாளைக்கு வந்து எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நிக்கக்கூடாது" என்பேன். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. "நீ ஜட்ஜா போயிருக்க வேண்டிய ஆளு" என்று வக்கீல் கேலி செய்வார்.

என் கணவர் மத்திய ஆயுதப் படை ஒன்றில் இருக்கிறார். குறிஞ்சிப்பாடிக்காரர். காஷ்மீர், சத்தீஸ்கர், மணிப்பூர் என்று அவர் இருந்த இடங்களை நான் வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறேன். வருஷத்துக்கு இரண்டு மாதம் லீவு, மீதிப் பத்து மாதம் போன். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஏன் இல்லை என்று துருவுகிற சொந்தக்காரர்களிடம், "அதுக்கும் லீவு சாங்ஷன் ஆவணும்ல" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். சொல்லும்போது எல்லோரோடும் சேர்ந்து எனக்கும் சிரிப்பு வரும். வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது வராது.

படைக்காரர் வீடுகளில் ஒரு வழக்கம். "ஆர்டர் வந்துருச்சு" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கக்கூடாது. என் அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே அவர் கிளம்பினார். ஆர்டர். ஒரு தீபாவளிக்கு மாவு பிசைந்து வைத்திருந்தபோது பாதி லீவில் கூப்பிட்டுக்கொண்டார்கள். அதுவும் ஆர்டர். புயலையும் வெள்ளத்தையும் போல அது எங்கிருந்தோ வருவது, அதற்கு யாரும் பொறுப்பில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். அதில் ஒரு சௌகரியமும் இருந்தது. யார் மேலும் கோபப்பட வேண்டியதில்லை.

போன வருஷம் லீவில் வந்தவர் நான்காம் நாள் சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டே சொன்னார்: "ஆப்பிரிக்காவுக்கு ஆர்டர் வந்துருக்கு. நீலத் தொப்பி. ஒரு வருஷம்." உலக நாடுகளின் சபை அனுப்புகிற அமைதி காக்கும் படை. தெருவில் எனக்குத் திடீர் மரியாதை வந்தது. கீழ் வீட்டம்மா, "உங்க வூட்டுக்காரரு உலகத்துக்கே போலீஸாமே" என்று மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தார்.

மரியாதை சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும். ஆறு மணிக்கு அலுவலகம் விட்டு வந்து, ஒரு டம்ளர் அரிசி களைந்து வைத்து, துணி மடித்து, எல்லாம் முடித்துவிட்டு மணி பார்த்தால் ஏழேகால். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று பதினெட்டு வருஷமாக எனக்குத் தெரியவில்லை. சத்தத்துக்காக டிவி ஓடும். சில நாள் அலுவலகத்தில் அடித்த மனுவையே வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன், என் குரலைக் கேட்க வேண்டும் என்று.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அவர் வீடியோ காலில் வருவார். பின்னால் செம்மண், வெள்ளைக் கன்டெய்னர் வீடுகள், நீலக் கொடி. ஒரு நாள் கேட்டேன். "எந்தச் சட்டப்படி நீங்க அந்த நாட்டுக்குள்ள துப்பாக்கியோட நிக்கறீங்க?"

"என்னா கேள்வி இது? ஆர்டர்படிதான்" என்றார்.

கோர்ட் வாசலில் வேலை பார்க்கிறவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. ஆர்டர் என்று ஒன்று இருந்தால் அது எந்தப் பிரிவின் கீழ் என்று இருக்க வேண்டும். சிதம்பரத்தில் சர்வதேசச் சட்டத்தில் வாரக்கடைசி டிப்ளமா வகுப்பு நடக்கிறது என்று பேப்பரில் பார்த்துச் சேர்ந்தேன். "கடலூர் கோர்ட்டுல எந்த நாட்டு மேல கேஸ் போடப் போற?" என்று வக்கீல் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சேர்ந்ததற்குச் சட்டம் பாதிக் காரணம். ஞாயிற்றுக்கிழமை காலையை எங்கேயாவது கொண்டுபோய் விட வேண்டியிருந்தது மீதிப் பாதி.

ஞாயிறுதோறும் எட்டு மணி பஸ். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் வரும்போது ஜன்னல் காற்று மாறும். வகுப்பில் ஏழு பேர். டியூஷன் எடுக்கிற இரண்டு பெண்கள், நகராட்சிக் குமாஸ்தா ஒருவர், பிரமோஷனுக்காகப் படிக்கிற ஏட்டு ஒருவர், எப்போதும் தூங்குகிற இரண்டு பேர், நான். பாடம் எடுத்தது கம்மாபுரம் பக்கத்துப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. வகுப்பில் என்னை "மேடம்" என்பாள், டீக்கடையில் "அக்கா" என்பாள்.

முதல் மாதம் எனக்குப் பெரிய ஏமாற்றம். உலகச் சபையின் சாசனத்தில் அமைதி காக்கும் படை என்று ஒரு வார்த்தையே கிடையாதாம். ஆறாவது அத்தியாயம் சண்டையைப் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்கிறது. பேச்சுவார்த்தை, விசாரணை, நடுவர், நீதிமன்றம் என்று வரிசையாக வழி சொல்கிறது. ஏழாவது அத்தியாயம், உலக அமைதிக்கு ஆபத்து என்றால் பாதுகாப்புக் குழு படை பலத்தையே இறக்கலாம் என்கிறது. என் கணவர் இந்த இரண்டுக்கும் நடுவில், எழுதப்படாத ஓர் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். குழு போடுகிற தீர்மானம்தான் அவர் காலடியில் இருக்கிற தரை. அதற்கும் தேதி உண்டு. தேதி முடிந்தால் புதுத் தீர்மானம் வேண்டும்.

"எழுதாத எடத்துல எப்படிம்மா நிக்க முடியும்?" என்று ஏட்டு கேட்டார்.

அவள் பலகையில் மூன்று விஷயம் எழுதினாள். அந்த நாடும் சண்டைக்காரர்களும் சம்மதிக்க வேண்டும். எந்தப் பக்கமும் சாயக்கூடாது. தன்னையும் தனக்குக் கொடுத்த பொறுப்பையும் காப்பதற்குத் தவிர வேறெதற்கும் ஆயுதம் தொடக்கூடாது. இந்த மூன்றும் வழக்கத்தில் வந்து, பின்னால் சட்டம் மாதிரியே ஆகிவிட்டவை என்றாள்.

எனக்கு அது உடனே புரிந்தது. கடலூரில் இரண்டு மீனவக் குப்பங்களுக்கு இடையில் வலைத் தகராறு வந்து, தாசில்தார் முன்னால் சமாதானக் கூட்டம் போட்ட சமயம் ஒப்பந்தத்தை டைப் அடித்தவள் நான். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு போலீஸ் வேன் ஒரு மாதம் நின்றது. முதல் நாள் வடக்கூரிலிருந்து டீ வந்தது, போலீஸ்காரர்கள் குடித்தார்கள். ஒரு மணி நேரத்தில் தெற்கூரில் பஞ்சாயத்துக் கூடிவிட்டது. மறுநாளிலிருந்து இரண்டு ஊர் டீயும் வர வேண்டும், இரண்டையும் குடிக்க வேண்டும் என்று ஆனது. வெயிலில் நின்று ஆளுக்கு எட்டு டம்ளர் குடித்தார்கள். இதை வகுப்பில் சொன்னேன். தூங்குகிற இரண்டு பேரும் எழுந்து சிரித்தார்கள். "நடுநிலைமைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது மேடம்" என்றாள் அவள். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்ல நாலு மணி வரைக்கும் காத்திருந்தேன். அன்று அவருக்கு நெட்வொர்க் கிடைக்கவில்லை.

அந்த மின்விசிறி நின்ற ஞாயிறு அதற்கு மூன்று வாரம் கழித்து வந்தது. படை எங்கிருந்து வருகிறது என்பது பாடம். உறுப்பு நாடுகள் தங்கள் படையைச் சபையின் கையில் தயாராகக் கொடுத்துவைக்க ஒப்பந்தம் போட வேண்டும் என்று சாசனம் சொல்கிறதாம். அந்த ஒப்பந்தத்தை இன்றுவரை எந்த நாடும் போடவில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் சபை கேட்கும், விருப்பமுள்ள நாடு அனுப்பும்.

நான் கை தூக்கினேன். "எங்க வீட்டுக்காரருக்கு ஆர்டர் போட்டுத்தானே அனுப்புனாங்க?"

"நாட்டுக்குத்தான் கட்டாயம் இல்லைன்னு சொன்னேன் மேடம். நாடு தன்னோட ஆளுக்கு ஆர்டர் போடலாம்" என்று அவள் தொடங்குவதற்குள் ஏட்டு திரும்பிவிட்டார்.

"விருப்பக் கடிதம் குடுக்காம யாரையும் எடுக்க மாட்டாங்க மேடம். எங்க மச்சான் ரெண்டு தடவ எழுதிக் குடுத்துக் கெடைக்கல. ஓட்டம், டிரைவிங், இங்கிலீஷ்னு டெஸ்ட்டெல்லாம் வேற. போட்டி ஜாஸ்தி. உங்க வூட்டுக்காரரு பெரிய ஆளுதான்" என்றார்.

பாராட்டாகத்தான் சொன்னார். நான் நன்றி சொன்னேனா, சிரித்தேனா, ஞாபகமில்லை. மதியச் சாப்பாட்டைத் திறக்காமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வீட்டில் அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பூட்டு கிடையாது. பதினெட்டு வருஷத்தில் அதை நான் துடைத்திருக்கிறேனே தவிரத் திறந்ததில்லை. பழைய பூட்ஸ், கம்பளி, அதற்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதில் இரண்டு ஜெராக்ஸ் தாள் தனியாகப் பின் செய்து வைத்திருந்தது. முதல் தாள் அவர் எழுதியது. வெளிநாட்டு அமைதிப் பணிக்குச் செல்ல என் சொந்த விருப்பத்தின் பேரில், எவருடைய வற்புறுத்தலும் இன்றி விண்ணப்பிக்கிறேன். இங்கிலீஷில் இருந்தாலும் நான் தினமும் அடிக்கிற அதே வரி. தேதியைப் பார்த்தேன். அந்த லீவில் அவர் வீட்டுக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்னால்.

இரண்டாவது தாள் குடும்பத்தாரின் சம்மதம். மேற்படி நபர் விருப்பத்தின் பேரில் வெளிநாட்டுப் பணிக்குச் செல்வதில் அவருடைய மனைவியாகிய எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை. கீழே கையெழுத்து. தமிழில். என்னுடையது.

முதலில் இவர்தான் போலியாகப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். அப்புறம் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸில் சாம்பலாக விழுந்திருந்த கட்டை விரல் தடத்தைப் பார்த்தேன். எண்ணெய். அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை நான் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். அடுப்பு மேடையில் ஏழெட்டுத் தாளை வைத்து, "இங்க, இங்க, இங்க" என்று விரல் வைத்துக் காட்டினார். ஒவ்வொரு லீவிலும் நடப்பதுதான். நாமினேஷன், இன்ஷூரன்ஸ், ஜாயின்ட் போட்டோ. புடவையில் கையைத் துடைத்துவிட்டு, சட்டியில் ஒரு கண் வைத்துக்கொண்டு எல்லாவற்றிலும் போட்டேன். ஊரில் ஒருவரையும் படிக்காமல் கையெழுத்துப் போட விடாதவள், என் வாழ்க்கையை எழுதிக் கொடுத்த தாளை முறுக்கு கருகிவிடும் என்ற பயத்தில் படிக்கவில்லை.

அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம் ஜாஸ்தி. ஆனால் அந்தக் கோபமெல்லாம் அடங்கிய பிறகும் ஒரு கேள்வி மட்டும் அப்படியே நின்றது. யாரோ இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்த இந்த மனிதர் தானாகவே போனாரா? இந்த ஒரு தடவைதானா, ஒவ்வொரு தடவையுமா?

நாலு மணிக்குப் போன் அடித்தது. எடுக்கவில்லை. தலைவலி என்று மெசேஜ் போட்டேன்.

அடுத்த ஞாயிறு டீக்கடையில் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "படிக்காம குடுத்த சம்மதம் செல்லுமாம்மா?"

அவள் நாடுகளைப் பற்றிக் கேட்கிறேன் என்றுதான் நினைத்தாள். "அதிகாரம் இருக்கறவங்க கையெழுத்து போட்டா செல்லும்க்கா. ஆனா குடுத்த சம்மதத்தைத் திருப்பி எடுத்துக்கலாம். ஏழாவது அத்தியாயத்துல தீர்மானம் இருந்தா நாங்க போவ மாட்டோம்னு சபை சட்டம் பேசலாம். ஆனா வேணாம்னு சொல்ற நாட்டுல எத்தன நாள் நிக்க முடியும்? தண்ணி யாரு தருவா, ரோடு யாரு தருவா? போங்கன்னு சொன்னதும் மூட்டை கட்டுன படையெல்லாம் இருக்கு." டீயை ஊதிக் குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "ஏன்க்கா, எதாவது பிரச்சனையா?" என்றாள். பரீட்சைக்குத்தான் என்றேன்.

தண்ணீரும் ரோடும் இல்லாமல் எத்தனை நாள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். எங்கள் வீட்டில் சண்டையே வந்ததில்லை. அதனால் ஆறாவது அத்தியாயத்துக்கு வேலையே வரவில்லை. பேச்சுவார்த்தை, விசாரணை, நடுவர் எதுவும் இல்லை. சண்டை இல்லாத வீடு நல்ல வீடு என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்த வருஷம் முடிய ஒரு மாதம் இருக்கையில் அவர் வழக்கம்போல நாலு மணிக்கு வந்தார். முகம் கறுத்து, கொஞ்சம் இளைத்திருந்தார். "தீர்மானம் போட்டு நீட்டிச்சுட்டாங்களாம். இன்னும் ஆறு மாசம் இருக்கச் சொல்லி ஆர்டர் வந்துருச்சு" என்றார்.

"தீர்மானம் படைக்கு. ஆளுக்கு இல்ல" என்றேன். "படை இருக்கும், ஆளு மாறுவாங்க. நீங்க இருக்கறதுக்குன்னு தனியா ஒரு பேப்பர் இருக்கும். அத எடுத்துப் படிச்சுக் காட்டுங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. "ஆபீஸ்ல எல்லாருக்கும் நான் படிச்சுக் காட்டறேன். ஒரு தடவ எனக்கு யாராவது படிச்சுக் காட்டுங்களேன்" என்றேன்.

எழுந்து போய் ஒரு தாளோடு வந்தார். இங்கிலீஷில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று தட்டுத் தடுமாறிப் படித்தார். பெயர், நம்பர், பிரிவு. அப்புறம் "என் சொந்த விருப்பத்தின் பேரில்" என்று வந்ததும் நின்றுவிட்டார். நான் ஆட்களின் முகத்தைப் பார்க்கிற அதே இடம். போன் திரையில் அவர் முகத்தைப் பார்த்தேன். மாட்டிக்கொண்ட முகம்தான், சந்தேகமே இல்லை.

"டிரங்குப் பெட்டிய தொறந்தியா?" என்றார் மெதுவாக.

"தொறந்தேன்."

தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: "உனக்கு ஆட்சேபணை இருக்கா?" பதினெட்டு வருஷத்தில் என்னிடம் அவர் முதல் முதலாகக் கேட்டது அது.

"இருக்கு" என்றேன்.

"நேத்தே குடுத்துட்டேன்மா. உன் பழைய சம்மதத்தோட காப்பியையே வெச்சுக் குடுத்துட்டேன்."

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கீழ் வீட்டுக்குக் கேட்கும் என்று அடக்கிக்கொண்டேன். "ஏங்க? அங்க என்னா இருக்கு? காசுக்குன்னா சொல்லுங்க, புரிஞ்சுக்கறேன். வேற யாராவதுன்னாலும் சொல்லுங்க."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார். அப்புறம் அவரிடமிருந்து நான் எப்போதும் கேட்டிராத அளவுக்கு நீளமாகப் பேசினார். "வூட்டுக்கு வந்தா பத்து நாள் நல்லா இருக்கு. பதினோராவது நாள்லேர்ந்து என்னா பேசறதுன்னு தெரியல. நீ எட்டு மணிக்குக் கெளம்பிப் போயிடற. சாமான் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல, கேட்டா நீயே எடுத்துக் குடுத்துடற. ஒரு சேர் போட்டு உக்காந்தா அந்த எடத்துல பெருக்கணும்ங்கற. இங்க எத்தன மணிக்கு எங்க நிக்கணும்னு சொல்லிடறாங்க. அங்க எனக்கு எடம் எங்கன்னு தெரியலம்மா."

பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சேரை நகர்த்தச் சொன்னது உண்மை. எல்லாவற்றையும் தனியாகச் செய்து பழகி, என் வீட்டில் இன்னொருவர் நிற்க இடமில்லாமல் செய்திருந்தேன். அவர் வருகிற இரண்டு மாதமும் எனக்கும் பன்னிரண்டாம் நாளிலிருந்து ஒரு கூச்சம் இருந்தது. அதை நான் யாரிடமும், என்னிடமேகூட, சொன்னதில்லை. இரண்டு பேருமே ஆர்டரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தோம். அவர் போவதற்கு அது உதவியது, எனக்கு அவரை அனுப்பிவிடுவதற்கு. ஆனாலும் ஏழேகாலுக்கு மேல் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தது நான்தான். அவர் இல்லை.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குச் சீக்கிரம் போனேன். வக்கீல் வருவதற்குள் ஒரு கடிதம் அடித்தேன். அவருடைய மேலதிகாரிக்கு. என் கணவரின் அயல்நாட்டுப் பணிக்கு ஆட்சேபணை இல்லை என்று நான் ஏற்கனவே கொடுத்த சம்மதத்தை, அதன் உள்ளடக்கம் அறியாமல் கொடுத்தேன் என்பதாலும், தற்போது ஆட்சேபணை உண்டு என்பதாலும், இதன் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இதுவரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். காரணம் என்று ஒரு பத்தி வேண்டும். ஊருக்கெல்லாம் காரணம் எழுதிக் கொடுத்தவளுக்கு அரை மணி நேரம் ஒன்றும் ஓடவில்லை. உடல்நலக் குறைவு என்று அடித்து அழித்தேன். வயதான மாமியார் என்று அடித்து அதையும் அழித்தேன். கடைசியில் "நான் தனியாக இருக்கிறேன்" என்று அடித்தேன். அதை ஒரு மேலதிகாரி படிப்பார் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. ஆனால் அழிக்கவில்லை. பிரிண்ட் எடுத்து, ஆளே இல்லாத அறையில் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எனக்கு நானே வாய்விட்டுப் படித்துக்காட்டி, அதன் பிறகு கையெழுத்துப் போட்டேன்.

மேலதிகாரிக்கு அனுப்பும் முன் அவருக்குப் படம் பிடித்து அனுப்பினேன். அவருக்குத் தெரியாமல் செய்தால் அவர் செய்ததையே நானும் செய்ததாகிவிடும். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒரு நாளில், கூப்பிட்டார். திட்டுவார் என்று மாடிப்படிக்கு வந்து நின்று எடுத்தேன்.

"படிச்சேன்" என்றார். "கடைசி வரியையும் படிச்சேன்."

"ம்."

"அனுப்பிடு. நீ அனுப்புனா அவுங்க கூப்ட்டு அனுப்பிடுவாங்க. ஆர்டர் போட்டுட்டா நான் வந்துடறேன்."

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டார். இரண்டு படி இறங்கியிருப்பேன், கோர்ட் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற போஸ்ட் ஆபீஸுக்கு இப்போதே போய்விடலாம் என்று. அப்புறம்தான் அவர் சொன்னது முழுதாகக் காதில் விழுந்தது. போனது ஆர்டர் என்று சொல்லிக்கொண்டு. இப்போது வருவதும் ஆர்டரில். வீட்டுக்கு வந்து பதினோராவது நாள் சேரைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது, இவள் எழுதிப் போட்டதால்தான் வந்தேன் என்று இவர் நினைக்க மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நினைத்தாலும் சொல்ல மாட்டார். அதுதான் என் பயம்.

"நான் அனுப்பலீங்க" என்றேன். "நீங்களா எழுதிக் குடுங்க. எனக்கு வூட்டுக்குப் போவணும்னு உங்க கையால எழுதிக் குடுத்துட்டு வாங்க. ஆர்டர்ல வர்ற ஆளு எனக்கு வேணாம்."



"எனக்கு அப்படியெல்லாம் எழுத வராதே" என்றார்.

நான் டைப் அடித்துத் தருகிறேன், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இருபது வருஷமாக அதைத்தானே செய்கிறேன். யாருக்கு என்ன வேண்டும் என்பதை அவர்களைவிட நன்றாக எழுதத் தெரியும். அவருக்கும் எழுதியிருப்பேன், அழகாக, ஒரு பிழை இல்லாமல். வாயை இறுக மூடிக்கொண்டேன். மேலே வக்கீல் பெல் அடித்துவிட்டார். "எழுதிப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

இது நடந்து ஏழு வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவர் வருகிறார். சாப்பிட்டியா என்கிறார், கடலூரில் மழையா என்கிறார். நான் அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்பதில்லை. போன வாரம் அவராகச் சொன்னார், இரண்டு வரி எழுதியிருப்பதாக.